மூன்று மில்லிமீட்டர் திறந்த வால்வு

வாணியம்பாடியில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கும் இம்ரான் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கஸ்டமர் வண்டி ஒன்று மேடு ஏறினால் சூடாகிறதாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். "கழற்றாதீர்கள்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். உடனே, "ஏன் அண்ணா? நீங்களே எத்தனையோ வண்டிக்குக் கழற்றியிருக்கிறீர்களே" என்று திருப்பிக் கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். வாட்ஸ்அப்பில் எழுதி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வண்டி வேலை தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வால்வு. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்குள் மெழுகு அடைத்த ஒரு பித்தளைக் குப்பி உண்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு மூடியிருக்கும். தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். தேவையான சூடு வந்ததும் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளும். அப்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். வேலை அவ்வளவுதான்.

வேலூரில் ஐடிஐ முடித்துவிட்டு, ஆம்பூர் பைபாஸில் ஒரு ஷெட்டில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருடம் அங்கேதான். எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டம்ளரில் ஊற்றி வைத்தால் காயும்போது வெள்ளை வளையம் விட்டுப் போகும் தண்ணீர் அது. அதைத்தான் எல்லோரும் ரேடியேட்டரிலும் ஊற்றினார்கள், நானும் ஊற்றினேன். தெர்மோஸ்டாட் உப்புப் பூத்து இறுகிக்கொள்ளும், வண்டி கொதிக்கும். நான் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நம்ம வெயிலுக்கு இதெல்லாம் தேவையில்ல சார், வெளிநாட்டுக் குளிருக்கு வெச்சது" என்று சொல்லி அனுப்புவேன். வண்டி அதற்குப் பிறகு சூடாகாது. கஸ்டமருக்கும் சந்தோஷம். எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர்.

எனக்கு நாற்பத்தைந்து வயதானபோது அந்த ஷெட் மூடப்பட்டது, ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். எங்களுக்கு மேலே சூப்பர்வைசராக ஸ்டெல்லா மேடம் வந்தது அதற்கு அடுத்த வருடம். ராணிப்பேட்டைக்காரர், இன்ஜினியரிங் படித்தவர். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். வந்த முதல் வாரமே எங்கள் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் ஸ்கேலை வைத்து நடுவில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம் 'பார்த்தது' என்று எழுதினார். வலது பக்கம் 'நினைத்தது'. எந்த வண்டி வந்தாலும் இரண்டு பக்கத்தையும் நிரப்பித்தான் கொடுக்க வேண்டும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஹோஸைத் தொட்டாலே கோளாறு சொல்கிறவன் நான். கார்டில் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கோடு போட்டு எழுதுவதா என்று மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் குரலை உயர்த்தி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. கார்டை வாங்கிப் படிப்பார். சந்தேகம் வந்தால் ஒரு வரியில் விரலை வைத்து, "இது பாத்ததா அண்ணா, நெனச்சதா?" என்று கேட்பார். பதில் சொல்லும்வரை விரலை எடுக்க மாட்டார். சில சமயம் ஐந்து நிமிடம்கூட அப்படியே நிற்பார்.

அந்த மாதிரி நாட்களில்தான் கிருபா சிஸ்டரின் வண்டி வந்தது.

கிருபா சிஸ்டர் ஒரு தர்ம ஸ்தாபனத்தில் நர்ஸ். படுக்கையில் விழுந்த நோயாளிகளின் வீட்டுக்கே போய் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, வலிக்கு மருந்து கொடுப்பது அவர் வேலை. வண்டியை அவரேதான் ஓட்டுவார். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, பின்சீட்டை எடுத்துவிட்டு மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தது. புதன்கிழமை தோறும் ஏலகிரி மலைக் கிராமங்களுக்குப் போக வேண்டும். தரையில் எவ்வளவு ஓட்டினாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. மலை ஏறத் தொடங்கினால் நாலாவது, ஐந்தாவது வளைவுக்குள் சூடு முள் சிவப்புக்குப் போய்விடும். ஒரு இடத்தில் ரேடியேட்டரையே புதிதாக மாற்றியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் தகடு போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்தாபனம் அலுத்துப் போய், வண்டி சரியாகவில்லை என்றால் அடுத்த மாதத்திலிருந்து மலைக்குப் போக வேண்டாம், தரையில் இருக்கிற நோயாளிகளை மட்டும் பார்த்தால் போதும் என்று முடிவு செய்திருந்தது.

"மலையில பதினோரு பேர் இருக்காங்க அண்ணா. அவங்களுக்கு எங்கள விட்டா யாரும் இல்ல" என்றார் சிஸ்டர். அழுத்திச் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

நான் முறையாகத்தான் பார்த்தேன். ரேடியேட்டர் மூடி, ஃபேன், பெல்ட், கசிவு எல்லாம் சரி. மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று கால் மணி நேரம் பார்த்தேன். வரவில்லை. கேஸ்கெட் போயிருந்தால் இன்ஜின் காற்று குமிழியாக வந்திருக்கும், எனவே கேஸ்கெட் நன்றாக இருக்கிறது. கடைசியாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். அதைச் சோதிக்க எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. வால்வின் வாயில் ஒரு நூலைக் கடிக்கக் கொடுத்து, நூலைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். தண்ணீர் சூடேறி வால்வு திறந்ததும் நூல் நழுவும், தெர்மோஸ்டாட் பாத்திரத்தின் அடியில் விழும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். எண்பத்திரண்டு டிகிரியில் திறக்க வேண்டிய வால்வு. சரியாக எண்பத்திரண்டில் டக்கென்று விழுந்தது.

கார்டில் 'பார்த்தது' பக்கத்தில் 'தெர்மோஸ்டாட் நன்றாக உள்ளது' என்று எழுதினேன். பழைய தண்ணீரை வெளியேற்றிச் சுத்தம் செய்து, புதிய கூலன்ட் ஊற்றி வண்டியை அனுப்பினேன். இரும்பு மாதிரி நம்பிக்கையுடன் அனுப்பினேன்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு சிஸ்டர் போன் செய்தார். ஐந்தாவது வளைவில் நிற்பதாகவும், முள் சிவப்பைத் தொட்டுவிட்டதாகவும், வண்டி ஆறியதும் கீழே திரும்பப் போவதாகவும் சொன்னார். கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்டெல்லா மேடம் பழைய கார்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். விரல் தெர்மோஸ்டாட் வரியில் நின்றது. "இது பாத்ததா அண்ணா, நெனச்சதா?"

எனக்குச் சுருக்கென்றது. கண்ணால் பார்த்தேன் மேடம், எண்பத்திரண்டில் விழுந்தது, வேண்டுமானால் தெர்மாமீட்டரைக் கேளுங்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த புதன்கிழமை நான் சிஸ்டருடன் மலைக்குப் போக வேண்டும், கோளாறு வருகிற இடத்தில் வைத்தே வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். தூரத்திலிருந்து நீட்டினாலே சூட்டைக் காட்டும் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

போனேன். ஜோலார்பேட்டை தாண்டி மலையடிவாரம் வரும்வரை முள் நடுவில் அசையாமல் நின்றது. மலை ஏறத் தொடங்கி மூன்றாவது வளைவு தாண்டியதும் மெல்ல நகர்ந்தது. ஐந்தாவது வளைவில் அகலமான இடமாகப் பார்த்து வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். இன்ஜினை நிறுத்தாமல் பானெட்டைத் திறந்தேன்.

துப்பாக்கியை ஒவ்வொரு இடமாக நீட்டினேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்தது. ரேடியேட்டரின் அடிப்பாகம் கை வைக்கிற சூட்டில்தான் இருந்தது. இந்தப் பக்கம் கொதிக்கிற தண்ணீர் அந்தப் பக்கம் அவ்வளவு ஆறி வருகிறது என்றால், ரேடியேட்டர் தன் வேலையை நன்றாகச் செய்கிறது, அதற்கு வந்து சேருகிற தண்ணீர்தான் கம்மி. யார் தடுப்பது? தண்ணீரைத் தள்ளுகிற பம்ப்பா? வண்டிக்குள் ஏசிக்குப் பக்கத்தில் ஹீட்டர் குமிழ் ஒன்று இருக்கும், எங்கள் ஊரில் அதை யாரும் தொடுவதில்லை. அதற்குப் போகும் தண்ணீர் தெர்மோஸ்டாட்டைத் தாண்டாமல் தனிப் பாதையில் போகும். அதை முழுசாகத் திருப்பச் சொன்னேன். அடுப்பு வாசலில் நின்ற மாதிரி அனல் அடித்தது, சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியானால் பம்ப் தள்ளுகிறது. ரேடியேட்டர் புதுசு. நடுவில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. நானே சோதித்து, நானே நன்றாக இருக்கிறது என்று கைப்பட எழுதிக்கொடுத்தது.

இன்ஜினை நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆற வைத்தோம். பிறகு மூடியைத் திறந்து, மூன்று போல்ட்டைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வெறுமனே மூடி இறுக்கி, கேனில் கொண்டுபோன கூலன்டை ஊற்றினேன். அதற்குப் பிறகு வண்டி மலையேறியதைப் பார்க்க வேண்டுமே. கடைசி வளைவு வரை முள் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

முதல் வீடு குப்பம்மாள் என்பவருடையது. வாயில் புற்றுநோய். ஐம்பது வயதுகூட இருக்காது. ஓட்டு வீட்டின் முன்னறையில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிஸ்டரின் பின்னால் போய் வாசலில் நின்றேன். சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே பழைய கட்டை எடுத்தார். குப்பம்மாளின் வீட்டுக்காரர் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். என்னை டிரைவர் என்று நினைத்திருக்க வேண்டும்.

"போன வாரம் வர்லியே சார். மாத்திர தீந்துபோச்சு. நாலு நாளு தல்காணிய கடிச்சிக்கினே கெடந்தா" என்றார். குறை சொல்லவில்லை அவர். நடந்ததைச் சொன்னார்.

அந்த நாலு நாளும் என் கார்டில் ஒரு வரியாக இருந்தது. அன்றைக்குச் சிஸ்டர் மிச்சமிருந்த பத்து வீட்டையும் முடிக்கும்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். வண்டியிலேயே உட்கார்ந்திருங்கள் அண்ணா என்று அவர் இரண்டு முறை சொன்னார். எனக்கு உட்கார முடியவில்லை.

இறங்கும்போது முள் கீழே கீழே போய், குளிர்ந்த இன்ஜின் காட்டுகிற இடத்தில் படுத்துக்கொண்டது. சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "இப்படியே இருக்கட்டும் அண்ணா. நல்லாத்தானே ஓடுது" என்றார். சரி என்று சொல்ல வாய்வரை வந்தது. இருபத்திரண்டு வருடம் சொன்ன பதில்தானே அது.

ஒர்க் ஷாப்புக்கு வந்து பாக்கெட்டில் இருந்ததை ஸ்டெல்லா மேடம் மேஜையில் வைத்தேன். இதுதான் மேடம் கோளாறு, ஆனால் இது எப்படி என் சோதனையில் தப்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் ஸ்டோருக்குப் போய் அதே அளவில் புதிது ஒன்றை எடுத்து வந்தார். கேன்டீனிலிருந்து ஒரு கண்ணாடிப் பாத்திரம் வாங்கினோம். நூல் வேண்டாம் என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தண்ணீரில் வைத்து அடுப்பைப் பற்ற வைத்தோம்.

எண்பத்திரண்டு டிகிரியில் இரண்டும் ஒன்றாகத்தான் வாய் திறந்தன. அடுப்பை அணைக்கப் போனேன். "இருங்க அண்ணா, இன்னும் ஏறட்டும்" என்றார் மேடம். எண்பத்தைந்து. தொண்ணூறு. புதியது மேலும் மேலும் திறந்துகொண்டே போனது. பழையது நின்றுவிட்டது. தொண்ணூற்றைந்து வந்ததும் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தோம். புதியது ஒன்பது மில்லிமீட்டர் திறந்திருந்தது. பழையது மூன்று. இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டோம். அதே மூன்றுதான்.

வெளியே எடுத்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, வால்வைத் தள்ளுகிற தண்டின் மேல் பாதியில் வெள்ளையாக உப்பு கெட்டிப்பட்டிருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர். தண்டு அதுவரை வந்து முட்டி நின்றுவிடுகிறது. சமதரையில் அந்த மூன்று மில்லிமீட்டர் வழியாகப் போகும் தண்ணீரே இன்ஜினுக்குப் போதும். மலையில் இன்ஜின் திணறும்போது போதாது. நூல் நழுவுவதற்கு முடி அளவு இடைவெளி இருந்தால் போதும். திறக்கிறதா என்று பார்த்தேனே தவிர, எவ்வளவு திறக்கிறது என்று நான் பார்க்கவில்லை. மிச்சத்தை நினைத்துக்கொண்டேன்.

கார்டை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, வலது பக்கம் 'நினைத்தது' என்பதற்குக் கீழே எழுதினேன். மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் நூல் டெஸ்ட்தான் அண்ணா சொல்லிக் குடுத்தாங்க. நானா இருந்தாலும் அன்னைக்கு ஓகேன்னுதான் எழுதியிருப்பேன்" என்றார். எட்டு மாதம் அவரோடு வேலை செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

புதிதை மாட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டேன். அது இல்லாமலேயே வண்டி நன்றாகத்தானே மலையேறியது, பிறகு எதற்கு மாட்ட வேண்டும் என்று. அவர் என்னை வாசலில் நின்றிருந்த ஒரு வண்டிக்கு அழைத்துப் போனார். எவனோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு இரண்டு வருடமாக ஓட்டிய வண்டி. இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். உள்பக்கம் மோர் திரிந்த மாதிரி வெளிர் மஞ்சளில் ஒரு பசை. இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வருவதே இல்லை, அதனால் ஈரம் வெளியேறாமல் ஆயிலில் கலந்து, ஆயில் கெட்டு, உள்ளே எல்லாம் சீக்கிரம் தேய்கிறது என்று விளக்கினார். நான் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தபடி நின்றேன். அந்தப் பசையை எனக்குத் தெரியும். பழைய ஷெட்டில் எத்தனையோ வண்டியில் துணியால் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

சிஸ்டரின் வண்டி புதன்கிழமைகளில் மலையேறியது. குப்பம்மாள் அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதத்தில் ஒரு வாரம்கூட மருந்து தவறவில்லை என்று சிஸ்டர் ஒருமுறை சர்வீஸுக்கு வந்தபோது சொன்னார். எங்கள் ஒர்க் ஷாப்பில் கூலன்டோடு போர் தண்ணீர் கலந்து ஊற்றுவது அந்த மாதமே நின்றது. நூலும் போனது, ஸ்கேல் வந்தது.

எனக்கு மட்டும் ஒரு முகம் மனதை விட்டுப் போகவில்லை. சம்பத். பேர்ணாம்பட்டுக்காரர். பழைய ஷெட்டில் என்னிடம்தான் வருவார். சொந்தமாக டாக்ஸி வைத்திருந்தார். அதில் நான்தான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். மூன்று வருடத்தில் இன்ஜின் புகை கக்க ஆரம்பித்தது. ஆயில் சரியில்லை, ஓட்டுகிற விதம் சரியில்லை என்று அவரிடம் சொன்னதும் நான்தான். அவர் வண்டியை விற்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைத் தேடிப் போனேன். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப்போகும் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணா இந்தப் பக்கம்?" என்று சிரித்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் வண்டி வீணாகப் போனதற்கு நீ காரணமில்லை, நான்தான் என்றேன்.

அவர் குழாயை மூடிவிட்டு வந்தார். 

"எனக்கு வண்டி வெச்சிக்கத் தெரிலன்னு வீட்ல அத்தினி பேரும் சொன்னாங்கண்ணா. நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். இத்தினி வருசமா" என்றார்.

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன், அதற்குள் அவர் உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தன் மனைவியையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். "இப்ப சொன்னீங்களே, அத இவங்ககிட்ட இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அந்தப் பெண் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து, டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது சம்பத் வேன் சாவியை என்னிடம் நீட்டினார். இதிலும் தெர்மோஸ்டாட் இல்லை என்றும், வாங்கிய வாரமே தானே கழற்றிவிட்டதாகச் சொன்னார்.

"ஏன்?" என்றேன்.

"நீங்கதானே சொன்னீங்க, நம்ம வெயிலுக்குத் தேவையில்லன்னு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மனைவி முறைத்தார். அன்று மதியமே ஆம்பூரிலிருந்து புதிய தெர்மோஸ்டாட்டும், டிஸ்டில்டு வாட்டரும், கூலன்டும் வாங்கிவந்து, அவர் வாசலிலேயே பானெட்டைத் திறந்தேன். போல்ட்டைக் கழற்றியதும் அவரே கையைவிட்டு வெறுமையாக இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். மாட்டி முடித்ததும் மகளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோடு வரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்தார். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். இறங்கியது அந்தப் பெண்தான் முதலில்.

"முள்ளு நடுவுல வந்து நின்னுடுச்சு பெரியப்பா. மேட்டுல கூட அசையல" என்றது. சம்பத் இன்ஜினை நிறுத்தாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.